படித்து முடித்து வீடு திரும்பும் பிள்ளை

 



எங்கள் போடிநாயக்கனூரில், இஷாத் தொழுகை முடிந்து பள்ளியின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கும் நேரத்தில்தான் மனிதர்கள் தங்கள் மனத்தில் இருப்பதை வெளியே எடுப்பார்கள். பகலெல்லாம் ஏலக்காய்க் கடையிலும் தோட்டத்திலும் பேச முடியாததை, ஹவுளின் ஓரத்தில் நின்றுகொண்டு மெதுவாகப் பேசுவார்கள். சென்ற மாதம் ஒரு பெரியவர் அப்படி நின்றார். முப்பது ஆண்டுகளாக சுப்ஹு முடிந்த கையோடு தூக்கு வாளியுடன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாக மலைக்குப் போய்க் காய் எடுத்துவிட்டு இருட்டும் நேரத்தில் இறங்கி வருகிறவர்.

"ஹஜ்ரத், மகன் எம்.எஸ்ஸி. முடிச்சுட்டான்" என்றார்.

"அல்ஹம்து லில்லாஹ்" என்றேன். அவர் முகம் மலரவில்லை.

"முடிச்சுட்டு வந்து வீட்ல உக்காந்திருக்கான்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். சென்னையில் ஐந்து ஆண்டுகள் இரசாயனம் படித்தான். அம்மாவின் இரண்டு வளையல்கள் அதற்குப் போயின. மைத்துனரிடம் வாங்கிய கடன் இன்னும் பாதி நிற்கிறது. மகன் திரும்பி வந்து நான்கு மாதம் ஆகிறது. இரவு வெகுநேரம் விழித்திருக்கிறான், பகலில் தூங்குகிறான், கேட்டால் விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்கிறான். இவர் டீக்கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். போனால், "மகனுக்கு வேலை ஆச்சா பாய்?" என்று நான்கு பேர் கேட்கிறார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் நான்கு மாதமாக ஒரே பதிலைச் சொல்லுவது எவ்வளவு கனமான வேலை என்பது சொல்லுகிறவருக்குத்தானே தெரியும்!

"உட்கார்ந்திருக்கிறான்" என்ற அந்தச் சொல்லை நினைத்துக்கொண்டே அன்று வீடு திரும்பினேன். நம் வீடுகளில் இந்தச் சொல் எவ்வளவு எளிதாக வந்து விழுகிறது! வெளியூரில் இருக்கும் மட்டும், "என் மகன் படிக்கிறான்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுகிறோம். அதே மகன் படிப்பை முடித்துக்கொண்டு வாசலில் வந்து செருப்பைக் கழற்றியவுடன் "உட்கார்ந்திருக்கிறான்" என்றாகிவிடுகிறது. பிள்ளை வீடு திரும்புவது ஒரு தோல்வியா? தீன் இதை எப்படிப் பார்க்கிறது? இம்மாத ஏட்டில் இதைப் பற்றியே எழுதலாம் என்று எண்ணினேன்.

படித்துவிட்டு வீடு திரும்பிய மாணவர்களின் வரலாறு ஒன்று ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) என்ற தோழர் சொல்லும் வரலாறு அது. ஏறக்குறைய ஒரே வயதுடைய இளைஞர்கள் சிலர் மதீனாவுக்கு வந்து அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் இருபது இரவுகள் தங்கினார்கள். அதற்கு மேலான ஆசான் உலகில் உண்டா? அதைவிட உயர்ந்த பாடசாலை உண்டா? அங்கேயே இருந்துவிட வேண்டும் என்றுதானே எவருக்கும் தோன்றும்! ஆயினும் அந்த இளைஞர்களின் முகத்தில் வீட்டு ஏக்கம் இருந்ததைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டுகொண்டார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. "இல்மைத் தேட வந்தவர்களுக்கு வீட்டு நினைவா?" என்று கடிந்துகொள்ளவும் இல்லை. ஊரில் யார் யாரை விட்டு வந்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். அவர்களும் சொன்னார்கள். பிறகு, உங்கள் குடும்பத்தாரிடம் திரும்பிப் போய் அவர்களோடு இருங்கள், அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள், என்னை எப்படித் தொழக் கண்டீர்களோ அப்படித் தொழுங்கள், வக்து வந்தால் உங்களில் ஒருவர் பாங்கு சொல்லட்டும், மூத்தவர் இமாமாக நிற்கட்டும் என்ற கருத்தில் உபதேசம் செய்து அனுப்பி வைத்தார்கள்.

இந்த ஹதீஸை மதரஸாவில் நாங்கள் பாங்கின் பாடத்திலும் இமாமத்தின் பாடத்திலும் ஓதியிருக்கிறோம். சட்டம் எடுத்தோம், குறிப்பு எழுதினோம். அந்த ஏக்கத்தைப் பற்றியும் அந்த விசாரிப்பைப் பற்றியும் அப்போது நான் நின்று யோசித்ததில்லை. இப்போது யோசிக்கிறேன். கற்றவன் வீடு திரும்பினால், அவன் ஆசானால் அனுப்பப்பட்டவன். போகும்போது அவனை அனுப்பியவர்கள் பெற்றோர். திரும்பும்போது அனுப்பியவர்கள் நபி (ஸல்) அவர்கள். பிந்திய அனுப்புதல் முந்தியதற்கு எந்த வகையில் குறைந்தது?

அந்த இருபது இரவுகளின் பலன் என்ன தெரியுமா? பிற்காலத்தில் பஸராவில் மாலிக் (ரலி) அவர்கள் ஒரு பள்ளிக்கு வருவார்கள். தொழுகை நேரமாக இராது. இப்போது நான் உங்கள் முன் தொழப்போகிறேன், தொழ வேண்டும் என்பது என் நோக்கமல்ல, பெருமானார் எப்படித் தொழக் கண்டேன் என்று காட்டுவதே நோக்கம் என்று சொல்லித் தொழுது காட்டுவார்கள். கண்டதைக் கண்டபடி தம் மக்களுக்குக் காட்டினார்கள், அவ்வளவுதான். அதை அபூகிலாபா என்ற தாபிஈ பார்த்து அறிவித்தார். இன்றுவரை நாம் ஓதிக்கொண்டிருக்கிறோம்.

திருமறையில் அத்தவ்பா அத்தியாயத்தின் 122ஆம் வசனமும் இதே போக்கில் வருகிறது. எல்லோரும் ஒருங்கே கிளம்பிவிட வேண்டாம், ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒரு பகுதியினர் மார்க்க விளக்கம் பெறட்டும், அவர்கள் தம் மக்களிடம் திரும்பும்போது அவர்களை எச்சரிக்கட்டும் என்பது அதன் கருத்து. இவ்வசனம் மார்க்கக் கல்வியைப் பற்றியது. எம்.எஸ்ஸி. படிப்புக்கும் இதுவே ஆதாரம் என்று நான் இழுத்துக்கட்ட மாட்டேன். மேடையில் கைதட்டலுக்காக அப்படிச் சொல்லுகிறவர்கள் உண்டு. ஆனால், கற்கப் போவது பாதி, கற்றதைக் கொண்டு தம் மக்களிடம் திரும்புவது மறு பாதி என்ற முறையை இதிலிருந்து அறிந்துகொள்ளத் தடையில்லை அல்லவா?

பிரயாணத்தைப் பற்றிப் பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்னதும் நினைவுக்கு வருகிறது. பயணம் என்பது வேதனையில் ஒரு துண்டு. அது உணவையும் பானத்தையும் உறக்கத்தையும் கெடுக்கிறது. ஆகவே போன காரியம் முடிந்ததும் குடும்பத்திடம் விரைந்து திரும்ப வேண்டும் என்பது அந்த ஹதீஸின் சாரம். ஹாஸ்டல் சோற்றையும், ஒரே அறையில் நான்கு பேர் படுப்பதையும் கண்ட பிள்ளைகளுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

எங்கள் பகுதியில் படிப்புக்காகப் பயணம் போவது பழைய வழக்கம். கம்பம் பள்ளத்தாக்கில் 1956ஆம் ஆண்டு உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி தோன்றிய பிறகு, எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் இராத்திரி வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே பட்டம் வாங்கினார்கள். அந்த நன்மையைச் செய்து வைத்தவருக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. ஆயினும் சென்னைக்கும் திருச்சிக்கும் கோவைக்கும் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். போவது பிழையல்ல. மதுரையிலிருந்து போடிக்கு 1928இல் வந்த ரயில், அகலப்பாதை வேலைக்காக 2010 இறுதியில் நின்றுபோயிற்று. 2023 ஜூன் 15 அன்றுதான் திரும்பி வந்தது. இப்போது சென்னையில் இரவு ஏறினால் காலையில் போடியில் இறங்கலாம். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ரயில் திரும்பியபோது மகிழாத போடிக்காரர் யார்? அந்த ரயிலில் இறங்கி வரும் பிள்ளைக்கு அதில் பாதி மகிழ்ச்சியையாவது நாம் காட்டுகிறோமா?

திரும்பி வருகிறவருக்கு ஒழுங்குகள் உண்டு. பெருமானார் (ஸல்) அவர்கள் பயணத்திலிருந்து ஊர் திரும்பினால் முதலில் பள்ளிக்குப் போய் இரண்டு ரக்அத் தொழுவார்கள் என்று கஅப் இப்னு மாலிக் (ரலி) அறிவிக்கிறார்கள். நெடுநாள் வெளியூரில் இருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் இரவில் வந்து கதவைத் தட்டுவதையும் பெருமானார் விரும்பவில்லை. இன்று செல்போன் இருப்பதால் இது எளிது. முதல் ஒழுங்குதான் மறந்து போயிற்று. ஸ்டேஷனில் இறங்கினால் போட்டோ எடுத்து அனுப்பத் தெரிகிறது, பள்ளிப் பக்கம் திரும்பத் தெரியவில்லை. தம்பிமார்களே, பெட்டியை வீட்டில் வைக்கும் முன் ஒரு பத்து நிமிடம் போதும்.

ஆனால் இவற்றையெல்லாம்விடக் கடினமான ஒழுங்கு ஒன்று இருக்கிறது. அதில் நான் தவறினேன். அதைச் சொல்லாமல் பிறருக்கு உபதேசம் எழுத எனக்குத் தகுதியில்லை.

வடபகுதியில் உள்ள ஒரு மதரஸாவில் ஏழு ஆண்டுகள் ஓதி, ஸனது வாங்கி, தலைப்பாகையோடு நான் ஊர் திரும்பிய வாரம் அது. என் அத்தாவும் பூப்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்தான். எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அவர் கையில் ஏலக்காய் மணம் போகாது. மக்ரிபுக்குப் பின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து உரத்த குரலில் யாஸீன் ஓதுவது அவர் வழக்கம். குர்ஆன் என்று ஒன்று இருப்பதை நான் முதன்முதலில் அறிந்ததே அந்தக் குரலால்தான். அன்று புது மவ்லவியைப் பார்க்க உறவினர்கள் வந்திருந்தார்கள். அத்தா ஓதும்போது ஓர் எழுத்துத் தவறியது. நான் நிறுத்தித் திருத்தினேன். திரும்பவும் தவறியது, திரும்பவும் திருத்தினேன். அத்தாவுக்கு அது வரவில்லை. சின்ன வயதில் கொஞ்ச நாள் மக்தபில் ஓதிய நாக்கு அது. மூன்றாம் முறையும் முயன்றார். பிறகு குர்ஆனை முத்தமிட்டு மூடி வைத்துவிட்டு, வந்தவர்களுக்கு டீ சொல்ல எழுந்து போனார்.

அதற்குப் பிறகு அத்தா உரக்க ஓதி நான் கேட்டதில்லை. உதடு அசையும், குரல் வராது. சில மாதம் கழித்து மன்னிப்புக் கேட்டேன். "நீ சொன்னது சரிதானேப்பா" என்று சிரித்தார். ஆனால் குரல் திரும்பவில்லை. இன்று அவர் கப்ரில் இருக்கிறார். அல்லாஹ் அவருடைய மண்ணறையை ஒளிமயமாக்கி வைப்பானாக.

சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுகிறவருக்கு இரண்டு கூலி உண்டு என்ற ஹதீஸை நான் மதரஸாவில் மனப்பாடம் செய்திருந்தேன். அறிவிப்பாளர் பெயரோடு மனப்பாடம்! நான் திருத்திய எழுத்து சரிதான். திருத்திய இடமும் முறையும்தான் பிழை.

நபி இப்ராஹீம் (அலை) அவர்களைப் பாருங்கள். அவர்களுடைய தந்தை சிலைகளை வணங்கியவர். மகனிடம் வஹீ இருந்தது. தந்தையிடம் இல்லாத அறிவு தமக்கு வந்திருக்கிறது என்பதை மகன் மறைக்கவும் இல்லை. மர்யம் அத்தியாயத்தில் 42 முதல் 45 வரையுள்ள வசனங்களை ஓதிப் பாருங்கள். ஒவ்வொரு வசனத்தையும் "என் அருமைத் தந்தையே" என்ற பாசமான விளியோடுதான் தொடங்குகிறார்கள். ஷிர்க்கில் இருந்த தந்தைக்கே அந்த மரியாதை! தொழுது, நோன்பு நோற்று, கூலி வேலை செய்து நம்மைப் படிக்க வைத்த அத்தாவுக்கு நாம் கொடுப்பது என்ன? "உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுத்தா" என்ற ஒரு சொல்! "சீ" என்றுகூடச் சொல்லக் கூடாது என்று திருமறை தடுத்ததை மீலாது மேடையில் பேசிவிட்டு, வீட்டில் இந்தச் சொல்லை எறிகிறோம். மதீனாவிலிருந்து திரும்பிய அந்த இளைஞர்களுக்கு, உங்களில் மூத்தவர் முன்னால் நிற்கட்டும் என்று சொல்லப்பட்டதையும் கவனியுங்கள். எல்லோரும் ஒன்றாகவே தங்கிக் கற்றவர்கள், ஆகவே அறிவில் சமமானவர்கள், அதனால் வயது பார்க்கப்பட்டது என்று உலமாக்கள் விளக்குகிறார்கள்.

இனி, பெற்றோர் பக்கம்.

மாலிக் (ரலி) அவர்கள் தொழுது காட்டியதில் ஒரு சின்ன விஷயம் உண்டு. முதல் ரக்அத்தின் இரண்டாம் ஸஜ்தாவுக்குப் பின், உடனே எழுந்துவிடாமல் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு கணம் நேராக அமர்ந்து பிறகு எழுந்ததைத் தாம் கண்டதாகச் சொல்லுகிறார்கள். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் சகோதரர்கள் அப்படி அமர்வதைப் பார்த்திருப்பீர்கள். நம் ஹனஃபிகள் அமர்வதில்லை, நம் இமாம்களுக்கு வேறு ஆதாரங்கள் உண்டு. அந்த மஸ்அலாவுக்குள் நான் நுழையவில்லை. அந்த அமர்வுக்கு இளைப்பாறும் அமர்வு என்று பெயர். அது தொழுகைக்கு வெளியே இல்லை, தொழுகைக்குள்ளேயே இருக்கிறது. வீட்டில் வந்து "உட்கார்ந்திருக்கும்" மகனைப் பற்றி அன்றிரவு யோசித்தபோது எனக்கு இதுதான் தோன்றியது. இது ஃபிக்ஹு அல்ல, என் மனத்தில் பட்டது.

இரண்டாம் முறை அந்தப் பெரியவர் வந்தபோது இதைச் சொன்னேன். தலையை ஆட்டினாரே தவிர, முகம் தெளியவில்லை. பிறகு வேறு விதமாகக் கேட்டேன்.

"ஏலச்செடி நட்டா எப்பக் காய் பார்க்கலாம்?"

"மூணாம் வருஷம் ஹஜ்ரத்."

"அப்புறம்? ஒரு சரத்துல இருக்கிற காய் பூராவும் ஒரே நாள்ல முத்திடுமா?"

"அது எப்படி முத்தும்? ஒரு எடுப்பு எடுத்துட்டு, ஒரு மாசம், நாப்பது நாள் விட்டுத் திரும்பப் போவோம். பிஞ்சைக் கை தெரியாம பறிச்சுட்டா முதலாளி சத்தம் போடுவாரு." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "நாலு மாசம் ஆச்சே ஹஜ்ரத்" என்றார் பிறகு.

அதுவும் நியாயம்தான். நான்கு மாதம் என்பது கடன்காரருக்குச் சிறிய காலமல்ல. ஆகவே மகனைப் பார்க்கப் போனேன். நல்ல பிள்ளை. கண்ணைப் பார்த்துப் பேசத் தயங்கினான். வேலை வரும்வரை உறங்கிக் கழிப்பதும் கற்ற கல்விக்குச் செய்யும் துரோகம்தான் என்று சொன்னேன். தாவூத் (அலை) அவர்கள் தம் கையால் உழைத்து உண்டவர்கள் என்பது ஹதீஸ். அதற்காக எம்.எஸ்ஸி. படித்தவனைக் கூடையோடு மலைக்கு அனுப்ப வேண்டும் என்பதல்ல. ஆனால் ஒரே ஒரு நாள் அத்தாவோடு அந்த ஜீப்பில் ஏறிப் போய் வா என்றேன். தன்னைப் படிக்க வைத்த பணம் எந்த வளைவுகளைச் சுற்றி வந்தது என்று பார்க்கட்டுமே!

இன்னொன்றும் சொன்னேன். ஏலக்காய்க்குப் பச்சை நிறம் ஏற்றி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். தானியக் குவியலுக்குள் பெருமானார் (ஸல்) அவர்கள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, மோசடி செய்பவன் நம்மைச் சார்ந்தவன் அல்லன் என்று எச்சரித்த வரலாறு வியாபாரிகள் எல்லோருக்கும் தெரியும். பூச்சிமருந்தின் எச்சம் அளவுக்கு மேல் இருக்கிறது என்று சவூதி அரேபியா நம் நாட்டு ஏலக்காயைத் தடுத்ததும் உண்டு. கஹ்வாவில் நம் ஏலக்காயைப் போட்டுக் குடிக்கிறவர்கள் திருப்பி அனுப்பினால் நட்டம் தோட்டக்காரருக்கு மட்டுமா? காய் எடுக்கும் கூலிக்கும் தரம் பிரிக்கும் பெண்களுக்கும் அல்லவா! அந்த மருந்து என்ன, அது காயில் எவ்வளவு தங்கும், தெளிக்கிறவரின் உடம்பை என்ன செய்யும் என்று எங்கள் மஹல்லாவில் யாருக்குத் தெரியும்? இரசாயனம் படித்த இவனுக்குத்தான் தெரியும். அவனுடைய அத்தா முப்பது ஆண்டுகளாக அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார். இதைக் கேட்டபோதுதான் அவன் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

நாளை அவனுக்கு ஓசூரிலோ துபாயிலோ வேலை கிடைத்தால் போக வேண்டியதுதான். அப்போது அம்மாமார்கள் அழுது தடுக்க வேண்டாம். நபி மூஸா (அலை) அவர்களும் மத்யனில் பேசிய தவணையை முடித்த பிறகு, தம் குடும்பத்தோடு புறப்பட்டார்கள்.

மகள் திரும்பி வந்தால் நிலை வேறு. அவளை "உட்கார்ந்திருக்கிறாள்" என்றுகூட யாரும் சொல்வதில்லை, "வரன் பார்க்கிறோம்" என்கிறோம். அவள் என்ன படித்தாள் என்பது பத்திரிகையில் போடும் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் மூத்த தோழர்களே வந்து சந்தேகம் கேட்டுத் தெளிந்தார்கள் என்று பெருமையாகப் பேசும் நாம், நம் மகள் படித்ததை ஒருநாள் உட்கார்ந்து கேட்டிருக்கிறோமா? இதைத் தனியாகவே எழுத வேண்டும், இன்ஷா அல்லாஹ்.

போன வாரம் சுப்ஹுக்கு அந்தப் பெரியவர் தனியாகவே வந்தார். தொழுகை முடிந்து வெளியே வந்தால், தெருமுனையில் ஜீப் நிற்கிறது. ஏறும் முன் என்னிடம் வந்தார்.

"பையன் ராத்திரி பூரா என்னமோ எழுதிக்கிட்டு இருந்தான் ஹஜ்ரத். அசந்து தூங்குறான். எழுப்ப மனசு வரல. விட்டது சரியா?"

"தொழுகைக்கு எழுப்புங்க" என்றேன். "மத்ததுக்கு இன்னும் கொஞ்ச நாள் எழுப்ப வேணாம்."

ஜீப்காரர் ஹாரன் அடித்தார். பெரியவர் செல்போனை எடுத்து வீட்டுக்குப் பேசிக்கொண்டே ஏறினார். வக்து இன்னும் இருந்தது.